சூட்கேஸ் டொக்டர்

கொழும்பு கோட்டை ஸ்டேசனில் பதுளை ரயிலுக்கு நிற்கும்போதே ஆளை அடையாளம் கண்டுவிடலாம். நாலு பெட்டி. மூன்றில் மருந்து, ஒன்றில் உடுப்பு. அந்த உடுப்பும் கடற்கரைக்கு எடுத்ததுபோல அரைக்கால்சட்டையும் மெல்லிய பருத்திச் சட்டையுமாக இருக்கும். பிறந்து வளர்ந்தது லண்டனிலோ டொரன்டோவிலோ. லீவு போட்டு, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து, ஹட்டன் பக்கத்துத் தோட்ட மக்களுக்கு இலவச வைத்தியம் பார்க்க வந்திருக்கிறார். மனசு தங்கம், அதில் சந்தேகமே இல்லை.

விடிந்ததும் மறக்காமல் மலேரியாக் குளிசை போட்டுக்கொள்வார். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரிலேயே சான்றிதழ் கொடுத்தாயிற்று. போதாததற்கு, இது குளிர்ந்த மலைநாடு. அந்தக் குளிரில் அவரைத் தேடி வருவது நுளம்பல்ல, அட்டை. பூச்சிக் களிம்பு பூசிய கையை விட்டுவிட்டுக் காலுறைக்குள் புகுந்துவிடும். இரத்தத்தைப் பார்த்து டொக்டரே அலற, பள்ளிக்கூடப் பையன் ஒருவன் சவர்க்காரத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, “ஒன்னும் ஆகாதுங்க சேர், குடிச்சிட்டு அதுவே விழுந்துரும்” என்று ஆறுதல் சொல்வான். முதல் நோயாளி இப்படித்தான் குணமாகிறார்.

வைத்திய முகாமைப் புதன்கிழமை வைப்பார். பேனர் கட்டி, மேசை போட்டு, ஸ்டெதஸ்கோப்பும் கழுத்துமாக உட்கார்ந்தால், பத்து மணிவரை வருவது பென்சன் வாங்கின தாத்தாக்கள் இரண்டு பேர். மற்றவர்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். போகாவிட்டால் அதுவும் இல்லை. தோட்டத் தலைவர் தலையைச் சொறிந்துகொண்டு சொல்வார்: “இலவசந்தாங்க ஐயா. ஆனா இங்க வந்தா பேர் போயிருமுங்களே.”

ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்கள், வரிசை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களம் தாண்டிப் போனது. அங்கேதான் டொக்டருக்கு அடுத்த அதிர்ச்சி. ஒவ்வொருவர் கையிலும் பொலித்தீன் பையில் சுற்றிய கிளினிக் கொப்பி. மருந்தே எட்டிப் பார்க்காத காட்டுக்கு வந்திருப்பதாக அல்லவா நன்கொடை திரட்டும்போது சொல்லியிருந்தார்! தோட்டத் தொழிலாளிக்கு வைத்திய வசதி தரவேண்டும் என்ற சட்டம் 1912இலேயே உண்டு. ஒழுங்காக நடந்ததா என்பது வேறு கதை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்கிறார்கள். டிக்கோயாவில் இந்தியா கட்டிக்கொடுத்த 150 கட்டில் ஆஸ்பத்திரியை 2017 மே 12ஆம் திகதி மோடியே வந்து திறந்துவைத்தார்.

“பிரசர் மட்டும் பாருங்க ஐயா. குளிசை டிக்கோயாவுல குடுத்துட்டாங்க” என்கிறார் ஓர் அம்மா. படங்குச் சாக்கு கட்டிக் கட்டி இடுப்பில் தழும்பு. டொக்டர் அழுத்தத்தைப் பார்த்து, கவலையோடு முன்னால் குனிந்து, “தினமும் அரை மணி நேரம் நடக்கணும் அம்மா” என்கிறார். அந்த அம்மா அவரைப் பார்க்கிறார், பிறகு ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்க்கிறார். “மலைக்கு ஏறிப் போறதே அவ்வளவு நேரமுங்க. அதையும் சேத்துக்கலாமா ஐயா?”

பெட்டியில் இருந்த விற்றமின் பாணி பிள்ளைகளுக்குப் போனது. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள், தோட்டங்களில் 32. பாணி ஒரு மாதத்தில் முடிந்துவிடும். சோற்றுப் பானையில் என்ன வேகிறது என்பது சம்பளத்தைப் பொறுத்தது, அதற்கு எந்தப் பெட்டியிலும் மருந்தில்லை.

இடையிடையே போட்டோ. அழுகிற பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒன்று, கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு ஒன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க டொக்டர் சாமுவேல் கிரீனுக்கு இப்படி வந்தவுடன் போகும் அவசரம் இருக்கவில்லை. தமிழ் படித்து, மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கி, 1873இல்தான் கடைசியாக ஊர் திரும்பினார். நம்மவருக்கு வெள்ளிக்கிழமை பிளைட்.

அவரைக் காப்பாற்றியது தோட்டத்து மிட்வைஃப். எந்த லயத்தில் யார் பிள்ளைத்தாச்சி, எந்தப் பிள்ளைக்கு எடை ஏறவில்லை என்பதெல்லாம் அந்த அம்மாவுக்கு மனப்பாடம். “அயன் குளிசை எங்ககிட்ட இருக்குங்க. நீங்க வெத்தில போடுறவங்க வாயப் பாருங்க” என்றார். டொக்டர் டோர்ச்சை எடுத்தார். வாய்ப்புற்றுநோய் இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று. ஆரம்பத்திலேயே கண்டால் காப்பாற்றலாம். அன்று பின்னேரம்வரை “ஆ காட்டுங்க” என்பதைத் தவிர அவர் வேறு பேசவில்லை. சந்தேகப்பட்டவர்களுக்குக் கடிதம் எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வந்ததிலிருந்து அவர் செய்த உருப்படியான வேலை அதுதான்.

அடுத்து வர நினைக்கிற டொக்டர்மாருக்கு: இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவு எடுங்கள். பெட்டி கட்டுமுன் அந்தப் பகுதி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் என்ன தேவை என்று கேளுங்கள். முகாமை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். ஆனால் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு வேண்டாம், அன்றைக்குத் தோட்டமே ஹட்டன் பஜாரில் நிற்கும்.