முள்ளும் விளக்கும்

1980களில் சேலத்தில் எங்கள் வீட்டில் ஓர் அம்பாசடர் இருந்தது. டாஷ்போர்டில் பெட்ரோலுக்கு ஒரு முள், சூட்டுக்கு ஒரு முள், ஆயில் பிரஷருக்கு ஒன்று, பேட்டரி சார்ஜுக்கு ஒன்று. அவற்றை யாரும் நம்பியதாக எனக்கு நினைவில்லை. டாங்க் நிரம்பினாலும் காய்ந்தாலும் பெட்ரோல் முள் பாதியில்தான் நிற்கும். உள்ளே மிதவை மாட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் அண்ணன் பின்பக்கம் போய், பம்பரைப் பிடித்து இரண்டு குலுக்குக் குலுக்கி, காதைக் கொடுத்துக் கேட்பார். "முள்ளு கெடக்குதுங்க. ஓமலூர் போய்ட்டு வந்துரலாம்" என்பார் அப்பாவிடம். போய்விட்டு வருவோம்.

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலைக்குள் அண்ணன் மூக்கை உறிஞ்சி மோப்பம் பிடித்து வண்டியை ஓரங்கட்டிவிடுவார். பானெட்டைத் திறந்து காத்திருப்பு. பிறகு ரேடியேட்டர் மூடிமேல் நனைத்த சாக்கைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கால் சுற்று மட்டும் திருகுவார். புஸ்ஸென்று ஆவி அடங்கிய பிறகுதான் மீதிச் சுற்று. இதற்குள் எங்கள் முறுக்குப் பொட்டலம் குரங்குகள் வசம் போயிருக்கும்.

இன்றைய காரில் பட்டனை அழுத்தினால் கொலுப்படி மாதிரி அத்தனை விளக்கும் எரிந்து அணைகின்றன. சிவப்பு என்றால் நிறுத்து; மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்டு; பச்சையும் நீலமும் சும்மா தகவல். படித்தவர்களுக்கு இது தெரியும். ஆனாலும் சிவப்பில் எண்ணெய்க் குவளை எரிந்தால், "பங்க் வரைக்கும் போய் ஆயில் ஊத்திக்கலாம்" என்று ஓட்டுகிறார்கள். அது சொல்வது ஆயில் அளவை அல்ல, அழுத்தத்தை. அழுத்தம் போன எஞ்சின் பங்க் வரை தாங்காமல் பிடித்துக்கொள்ளலாம்.

சூட்டு முள் சங்கதிதான் எனக்குப் பிடித்தது. பல கார்களில் தண்ணீர் ஏறக்குறைய 80 டிகிரியிலிருந்து 100ஐத் தாண்டும்வரை முள் நடுவிலேயே நிற்கும்படி செய்துவிட்டார்கள். லேசாக ஏறி இறங்கினாலும் வாடிக்கையாளர் பதறுகிறாராம். எங்கள் அம்பாசடர் முள் நோய்வாய்ப்பட்டுப் பொய் சொன்னது. இது கம்பெனியே சொல்லிக்கொடுத்த பொய். சில கார்களில் அந்த முள்ளும் கிடையாது: குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு, இடையில் ஒன்றுமில்லை.

மௌனத்துக்கு ஈடாக மணி அடிக்கிறது. 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் சீட் பெல்ட் எச்சரிக்கை கட்டாயம். வேகம் 80ஐத் தாண்டினால் விட்டுவிட்டு, 120ஐத் தாண்டினால் விடாமல் கத்தும். போன சீசனில் முன்சீட்டில் வைத்த கொல்லிமலைப் பலாப்பழத்துக்குப் பெல்ட் போட்டுத்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

பிறகு ஒருநாள் எஞ்சின் படம் மஞ்சளாக எரிந்தது. விட்டு விட்டு எரிந்தால் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் சைலன்சர் பக்கம் போகிறது, கன்வெர்ட்டர் வெந்துவிடும். ஆக்ஸிலேட்டரை உடனே தளர்த்த வேண்டும். என்னுடையது நின்று எரிந்தது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் செருகி, ஆக்ஸிஜன் சென்சார் என்றார்கள், விலையும் சொன்னார்கள். இன்னொரு கருத்துக் கேட்கலாமென்று தெருமுனை மெக்கானிக்கிடம் போனேன். பையன் எட்டிப் பார்த்தான்.

"லைட்டுதானே சார் தொந்தரவு? கறுப்பு டேப் ஒட்டிவிட்றேன். டேப்புக்குக் காசு வேணாம்."