தொட்டிக்குள்ள யாரு மாப்ளே குடியிருக்கா?

"மாமா, தொட்டி மண்ணுல பூச்சி விழுந்துருச்சு"ன்னு ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டு அழுகுற. என்ன பூச்சிடான்னா, "வெள்ளையா, பொடிசா இருக்கு"ங்குற. வெள்ளையாப் பொடிசா இருக்குறதெல்லாம் குத்தவாளின்னா உங்க வீட்டு ரவை டப்பாவையும் சேத்துல்ல கொளுத்தணும்? படிச்ச புள்ள நீ, மூணாவது மாடியில ஏழு தொட்டி வச்சு விவசாயம் பாக்குற. பத்து ஏக்கர் பருத்தி போட்டவனுக்குக் கூட இம்புட்டுக் கவலை வந்ததில்லப்பா.

சரி, உக்காரு. தொட்டிக்கு அடியில வச்சிருக்க தட்டுல தண்ணி நிக்கும். நிக்காம எங்க போகும், நீ ஊத்துற ஊத்துக்கு? அதுல வெள்ளைப் பொடி மிதக்குதா? விரலைக் கிட்டக் கொண்டு போனா எகிறிக் குதிக்குதா? அதுக்கு வயித்துக்கடியில ஒரு குட்டிக் கவட்டை உண்டு. அதை மடக்கி வச்சிருந்து சட்டுனு விடும், ஆளு துள்ளிப் போயிரும். இங்கிலீசுல ஸ்பிரிங்டெயிலும்பாங்க. பெரும்பாலும் ரெண்டு மில்லிமீட்டருக்குள்ளதான் இருக்கும். மக்குன இலையும் பூஞ்சையும்தான் அதுக்குச் சாப்பாடு. உன் ரோசாச் செடியை ஒண்ணும் பண்ணாது. கூலி கேக்காமக் குப்பையைத் தின்னு தீக்குற சீவனை விரட்ட, கடையில காசு குடுத்து மருந்து வாங்குறவன் நீ ஒருத்தன்தான்.

ஊசிமுனை அளவுல பழுப்பா, மினுமினுன்னு மெதுவா ஊருறது மண்ணுப் பேனு. மண்புழு உரத்தோட வந்திருக்கும், விட்டுரு. நூலாட்டம் நெளியுற வெள்ளைப் பொடிப்புழு, அதுவும் மக்குத் தின்னிதான். மரவட்டை ரொம்பக் கண்டா பொறுக்கிக் கீழ மரத்தடியில விடு. மாடியில இருந்து வீசிராத, கீழ்வீட்டுக்காரன் ஏற்கெனவே உன்மேல கோவமா இருக்கான்.

இப்ப விசயத்துக்கு வா. சாயங்காலம் லைட்டைப் போட்டா டிவி முன்னால கறுப்பா, கொசுவை விடப் பொடிசாப் பறக்குதே, அதைக் கொசுன்னு நெனச்சு பேட்டு வாங்கி அடிச்சுக்கிட்டு இருக்கியாமே? அது கடிக்கவே கடிக்காது மாப்ளே. ஃபங்கஸ் நேட்டுன்னு பேரு. பறக்கவும் பெருசாச் சாமர்த்தியம் கெடையாது. தொட்டியைக் கொஞ்சம் அசைச்சா மண்ணுல இருந்து குபுக்குன்னு கெளம்பி, ஒரு வட்டம் அடிச்சிட்டுத் திரும்ப அங்கேயே உக்காரும். பறக்குறதால தொல்லையில்ல, அது வச்சிட்டுப் போற முட்டையாலதான். ஒரு பொட்டை நூறுக்கு மேல வைக்கும். பொரிச்சு வர்ற புழு உள்ள இருக்குறது தெரியுற மாதிரி வெளுப்பா இருக்கும். தலை மட்டும் மினுங்குற கறுப்பு. மேல்மண்ணு ரெண்டு அங்குலத்துக்குள்ளதான் கெடக்கும். பூஞ்சை கெடைக்குற வரைக்கும் அதைத் தின்னும், பத்தலைன்னா பிஞ்சு வேருல வாய வைக்கும். வளந்த செடி தாங்கிக்கிரும். உன் கத்திரி நாத்து தாங்குமா?

சந்தேகமா இருந்தா ஒரு உருளைக்கிழங்கை வட்டமா நறுக்கி, ஈர மண்ணுமேல அமுக்கி வை. ரெண்டு நாள் கழிச்சுப் புரட்டு. கருந்தலைப் புழு அடியில ஒட்டிக் கெடந்தா ஆளு அவருதான். அந்தத் துண்டைக் குப்பையில போடு. சிக்கனக்காரன் நீ, கொழம்புல போட்டுராத.

அவரு ஏன் வந்தாருன்னா கேக்குற? நீ வாங்குன மண்ணுல பாதிக்கு மேல தேங்காநாருக் கழிவு, பொள்ளாச்சிப் பக்கமிருந்து செங்கல்லா அமுக்கி வர்றது. தன் எடையைப் போல ஏழெட்டு மடங்கு தண்ணியைக் குடிச்சு வச்சிருக்கும். அதுல காலையில நீ ஒரு சொம்பு ஊத்துற. சாயங்காலம் "வாடிருமோ"ன்னு இன்னொரு சொம்பு. நடுவுல உம் பொண்டாட்டி, பாவம் செடின்னு ஒரு சொம்பு. இதுக்கு மேல டீத்தூளு, வெங்காயத் தோலு, அரிசி கழுவுன தண்ணி, புளிச்ச மாவு. யூட்யூப்புல சொன்னாங்களாம். இம்புட்டையும் நீயே பண்ணிட்டு, பூச்சி வந்துருச்சுன்னு எங்கிட்ட நியாயம் கேக்குற.

மருந்து சொல்றேன், காசு கெடையாது. சும்மா இரு. ஒத்த விரலை ரெண்டாவது ரேகை வரைக்கும் மண்ணுல குத்திப் பாரு. ஈரம் பட்டுச்சா, கையைக் கழுவிட்டுப் போயி வேற சோலியைப் பாரு. மேல்மண்ணு காய்ஞ்சாலே புழு பாதி ஒழிஞ்சிரும். தாகம்னு தெரிஞ்சா தட்டுல ஊத்து, அடியில இருந்து உறிஞ்சிக்கிரட்டும். அரைமணி கழிச்சு மிச்சத்தைக் கொட்டிரு. பறக்குறதுக்கு, மஞ்ச நெறத்துல பழைய பிளாஸ்டிக் மூடி இருந்தா வெளக்கெண்ணெயைத் தடவி மண்ணை ஒட்டிக் குத்தி வை. மஞ்சளைக் கண்டா வந்து விழுந்து ஒட்டிக்கிரும். முட்டை ஈயாக மூணு நாலு வாரம் ஆகும், அதனால ஒரு வாரம் பண்ணிட்டுக் கைகழுவக் கூடாது. அப்பவும் அடங்கலையா, பி.டி.ஐ.ன்னு ஒரு நுண்ணுயிரு விக்குது. 1976-ல இஸ்ரேல் பாலைவனத்துல, தேங்கிக் கெடந்த தண்ணியில கண்டுபிடிச்சது. கொசுப்புழுவைக் கொல்லத் தண்ணியில கலக்குறாங்களே, அதேதான்; இந்தப் புழுவுக்கும் கேக்கும். என்ன முழிக்கிற? எஞ்சினியருக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.

நீ மெய்யாவே பயப்பட வேண்டிய ஆளு ஒருத்தன் உண்டு. அவன் கண்ணுல படமாட்டான். தண்ணியெல்லாம் ஒழுங்கா விட்டும் செடி வளராம மஞ்சளடிச்சு நிக்கும். தொட்டி ஓட்டை வழியா எறும்பு போயிட்டு வரும். காஞ்ச தொட்டியில எறும்பு வீடு கட்டவும் வரும். ஆனா செடியும் சொணங்கிப் போயிருந்தா தொட்டியைக் கவுத்து, விளிம்பைத் தட்டி, மண்கட்டியோட உருவிப் பாரு. வேருலயும் தொட்டி உள்பக்கத்துலயும் வெள்ளையா மாவு அப்பியிருக்கும். ஈர்க்குச்சியால நோண்டு. மாவுக்குள்ள இருந்து காலை ஆட்டிக்கிட்டு ஒண்ணு நகந்தா வேர் மாவுப்பூச்சி. நகராம இழை இழையாப் பின்னிக் கெடந்தா வெறும் பூஞ்சை. நசுக்குனா நறநறன்னு நொறுங்குதா? அது பெர்லைட்டு, நர்சரிக்காரன் உங்கிட்டக் காசு வாங்கிப் போட்டது. அதுக்கு மருந்தடிச்சு, "சாகவே மாட்டேங்குது மாமா"ன்னு சொன்ன ஆளு யாருன்னு நான் வெளிய சொல்லல.

மாவுப்பூச்சிதான்னு ஆச்சுன்னா அந்தத் தொட்டியைத் தள்ளி வை. வேரைக் குழாயடியில கழுவி, அழுகுனதை வெட்டிட்டு, லிட்டர் தண்ணிக்கு அஞ்சு மில்லி வேப்பெண்ணெயும் துளி சோப்பும் கலக்கி முக்கி எடு. பழைய மண்ணை எறி. "நல்ல மண்ணாச்சே"ன்னு பக்கத்துத் தொட்டியில கொட்டுனா நீயே பந்தி மாத்தி உக்கார வச்ச கணக்குத்தான். தொட்டியைச் சுடுதண்ணி விட்டுத் தேய். புது மண்ணுல ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. மாசம் ஒண்ணு கழிச்சு மறுபடி உருவிப் பாரு, ஏன்னா ஒரே தடவையில போற சாதி இல்ல அது.

தக்காளி, கத்திரி வேரு முண்டும் முடிச்சுமா வீங்கியிருந்தா நூற்புழு. அந்த மண்ணுல மறுபடி தக்காளி வைக்காத, செண்டுமல்லி போடு. ஆனா அவரை வேருல இருக்குற முடிச்சு வேற. நகத்தால தள்ளுனா உதிரும், கிள்ளுனா உள்ள ரோஸா இருக்கும். காத்துல இருக்குற தழைச்சத்தைப் புடிச்சுச் செடிக்குக் குடுக்குறது அதுதான். போன பட்டத்துல "நோயி மாமா"ன்னு நாலு அவரையைப் பிடுங்கிப் போட்டியே, அது நோயில்ல, அதோட சாப்பாட்டு மூட்டை.

அலமாரியில மருந்து பாட்டில் அடுக்கி வச்சிருக்கியாமே, உங்க அத்தை சொன்னா. சீட்டைப் படிச்சுப் பாத்தியா? நெல்லு, பருத்தின்னு போட்டிருக்கும். அதைக் கீரைத் தொட்டியில ஊத்தி மறுநாள் கடைஞ்சு தின்னுறாத. புள்ளைங்க கைக்கு எட்டாமப் பூட்டி வை. அப்படியே அந்தத் தண்ணிச் சொம்பையும் உள்ள வச்சுப் பூட்டி, சாவியை ஒரு வாரத்துக்கு அத்தைகிட்டக் குடுத்துரு.