மாட்டம்மைப் புராணம்

எல்லிஸ் துரையைத் தெரியுமல்லவா? திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து உரை எழுதிய மெட்ராஸ் கலெக்டர். அதே கையால் ஒரு புளுகும் எழுதிவைத்தார் மனுஷன்.

பெரியம்மைக்குத் தடுப்பூசியாகக் குத்தும் மாட்டம்மைப் பால் 1802இல் பம்பாய் வந்து சேர்ந்தது. ஐஸ்பெட்டி இல்லாத காலம். ஒரு பிள்ளையின் கைக்கொப்புளத்தைக் கீறி எடுத்துத்தான் அடுத்த பிள்ளைக்குக் குத்த வேண்டும். அந்த முதல் பிள்ளை என்ன சாதி என்று கேட்காத தகப்பன் உண்டா? போதாக்குறைக்கு, வருகிறவள் மாரியாத்தா. வேப்பிலை கட்டி, கூழ் ஊற்றி அனுப்பவேண்டியவளை வாசலிலேயே ஊசியைக் காட்டி விரட்டினால் சும்மா விடுவாளா?

துரை யோசித்தார். தன்வந்திரியையும் சக்தியையும் பேசவிட்டு, மாட்டம்மை பசு தந்த வரம் என்று ஒரு புராணம் கட்டினார். சமஸ்கிருதத்திலும் பாட்டெழுதி, பழைய தாளில் ஏற்றி, ‘எங்கோ அகப்பட்டது’ என்று அவிழ்த்துவிட்டதாகப் பேச்சு. நம் பாட்டன்மார் மயங்கினார்களோ என்னவோ, வெள்ளைக்கார வைத்தியர்கள் மயங்கினார்கள். அந்தத் தடுப்பூசியைக் கண்ட ஜென்னருக்கு முன்பே இந்தியாவில் தடுப்பூசி இருந்ததாக இப்படியொரு ‘ஏட்டை’ நம்பி எழுதித் தள்ளினார்கள். இன்று புலனத்தில் அதையே சொல்லி மார்தட்டும் அண்ணன்மார் தட்டுவது துரை கட்டிய மத்தளம்.

கப்பலேறி மலேசியாவில் எங்கள் கேரித் தீவுப் பக்கம் பால்மரம் வெட்ட வந்தவர்களுக்கு யாரும் புராணம் படிக்கவில்லை. கையை நீட்டு, குத்து, அடுத்த ஆள். விவாதம் முடிந்தது.

பாக்கி விவாதத்தைப் பேரப்பிள்ளைகள் 2021இல் வட்டியோடு தீர்த்தார்கள். கொரோனாவுக்கு அஸ்ட்ராஸெனெகா தடுப்பூசி போட்டால் ரத்தம் உறையும் என்று ஒரே பீதி. மிக மிக அரிதாகத்தான் என்று டாக்டர்கள் சொன்னது யார் காதில் விழுந்தது? “நான் என்ன சோதனை எலியா?” என்றார் எங்கள் மாமா. ஏப்ரல் 28 அன்று அமைச்சர் கைரி ஜமாலுடின் அதைப் பொதுத் திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார். பயப்படுகிறவருக்கு வேண்டாம், விரும்பியவர் பதிந்துகொள்ளலாம், முந்துபவருக்கே இடம்.

மே 2, ஞாயிறு. பதிவு திறந்தது. 2 லட்சத்து 68 ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்கள் சில மணி நேரத்தில் காலி! மே 26இல் இன்னும் ஒன்பதரை லட்சம். இந்தமுறை இணையதளம் திணறியது, அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். மாமா எண்ணெய்ப்பனைக்கு நடுவே கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடிக்கொண்டிருந்தார். இடம் கிடைக்கவில்லை. போன மாதம்வரை விஷம் என்றவர், அந்த விஷத்தைக் கோலாலம்பூர்க்காரனே அமுக்கிக்கொண்டான் என்று ஒரு வாரம் அரசாங்கத்தைத் திட்டித் தீர்த்தார்.