மனுநீதி அண்ணன்

மனுவை இரண்டு கையாலும் நீட்டக் கூடாது. வலது கைக் கட்டைவிரல் காகிதத்தின் மேல்மூலையில் இருக்க வேண்டும். இடது கை அதிகாரியின் முழங்கைக்குப் பக்கத்தில், தொட்டும் தொடாமலும். முகம் கேமராவைப் பார்க்க வேண்டும். காகிதத்தைப் பார்க்கிறவன் தொழிலுக்குப் புதுசு. கூட வந்தவர்கள் ஆளுக்கொரு விரலைக் காகிதத்தில் வைத்துவிட வேண்டும். விரல் எட்டாதவர்கள் முன்னால் நிற்பவரின் தோளில் முகத்தை வைத்துக்கொள்ளலாம். “சார், கொஞ்சம் இழுத்தாப்ல புடிங்க” என்று போட்டோகிராபர் சொல்லும்வரை அதிகாரி காகிதத்தை வாங்கிக்கொண்டுவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். வாங்கிவிட்டால் படம் கெட்டது.

இத்தனையும் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சாரி டீக்கடையில் அண்ணனே எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அண்ணன் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். உங்கள் வார்டு அண்ணன் எந்தக் கட்சியோ அதேதான். காதுகுத்துக்கு வருவார், கருமாதிக்கு வருவார், கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்காருவார். அதெல்லாம் எல்லா அண்ணன்களும் செய்வதுதான். எங்கள் அண்ணனின் தனிச்சிறப்பு மனு.

முதலில் அந்த லெட்டர் பேடைப் பார்க்க வேண்டும். மேல் பாதியில் தலைவர்கள். அவர்களுக்குக் கொஞ்சம் கீழே, ஆனால் கொஞ்சம் பெரிதாக, அண்ணன். இடது ஓரம் முழுக்கப் பதவிகள்: மாமன்ற முன்னாள் உறுப்பினர், கோயில் திருப்பணிக் கமிட்டி, நலச்சங்க கௌரவ ஆலோசகர், கேரம் மன்றப் புரவலர். அடியில் மூன்று செல்போன் எண்கள். இவ்வளவும் போக மீதி இருக்கிற இடத்தில்தான் ஊரின் குறையை எழுத வேண்டும். அதிலும் முதல் பத்தி ஊர்ப்பெருமைக்குப் போய்விடும். ஐம்பத்தொன்றாவது சக்தித் தலம் என்பதால் அம்பத்தூர் என்று பெயர் வந்ததாக ஊரில் சொல்வார்கள், அது வரும். அடுத்து 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி சோஷலிச பாணி சமுதாயத்துக்குத் தீர்மானம் போட்டது வரும். “நேரு வந்த மண்ணு சார் இது” என்பார், போன வாரம்தான் பஸ் ஏற்றிவிட்டு வந்த மாதிரி. பிறகு தொழிற்பேட்டை, டாங்கித் தொழிற்சாலை. கடைசி வரியில், கையெழுத்துக்கு மேலே நசுங்கிக்கொண்டு, “எனவே எங்கள் தெருவின் கழிவுநீர் மூடியை மாற்றித் தருமாறு” என்று இருக்கும். ஒருமுறை ஓர் அதிகாரி முழுவதும் படித்துவிட்டு, “ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க, எந்தப் பத்திரிகைக்கு?” என்று கேட்டாராம். அண்ணன் இதைப் பாராட்டாகவே சொல்லிவருகிறார்.

மனுநீதிச் சோழன் காலத்தில் பசு போய்க் கயிற்றை இழுத்தால் போதும், ராஜா வெளியே வந்துவிடுவார். இன்று அந்தப் பசு எங்கள் பக்கம் வந்தால் எந்த மணியை அடிப்பது என்பதிலேயே அதற்கு வயசாகிவிடும். அம்பத்தூர் நகராட்சி 2011-இல் சென்னை மாநகராட்சியின் ஏழாவது மண்டலமாகிவிட்டது. ஆனால் வருவாய்த்துறைக் கணக்கில் 2018 வரை நாங்கள் திருவள்ளூர் மாவட்டம். வீட்டு வரி சென்னைக்கு, சாதிச் சான்றிதழ் திருவள்ளூர் கணக்கில் என்று ஏழு வருஷம் இரட்டைக் குடும்பம் நடத்தினோம். 2018-இல் தாலுகாவும் சென்னையோடு வந்து சேர்ந்தது. அப்பாடா என்றிருக்கையில் 2022-இல் எங்கள் போலீஸ் ஸ்டேஷன் ஆவடி காவல் ஆணையரகத்துக்குப் போய்விட்டது. எம்.பி.யோ ஸ்ரீபெரும்புதூர் தொகுதிக்காரர். அடுத்த ஊரான ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, மாவட்டம் திருவள்ளூர், எம்.பி. தொகுதியும் திருவள்ளூர். பூந்தமல்லிக்கும் அதே மாவட்டம், அதே தொகுதி. ஆனால் அது இன்னும் நகராட்சி. ரோடு ஒருவருக்கு, ரோட்டோரக் கால்வாய் இன்னொருவருக்கு, கால்வாய் போய்ச் சேரும் ஏரி மூன்றாமவருக்கு, குறுக்கே ஓடும் தண்டவாளம் டெல்லிக்கு.

அண்ணனுக்கு இது முழுக்க மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பி “கொரட்டூர் ஏரிக்கு யாரு?” என்றால் துறை, பிரிவு, அலுவலகம், லிஃப்ட் வேலை செய்கிறதா இல்லையா என்பதுவரை சொல்வார். ஒரே குறைக்கு ஐந்து அலுவலகத்தில் ஐந்து மனு கொடுப்பார். ஐந்து மனு என்றால் ஐந்து படம். ஐந்து படம் என்றால் ஒரு வாரத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். எல்லைக் குழப்பம் நமக்குத்தான் தலைவலி, அண்ணனுக்கு அது முப்போகம்.

என் வீட்டு வாசல் தெருவிளக்கு கதையைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. விளக்கு அணைந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. அண்ணனிடம் சொன்னேன். “கவலைய வுடுங்க சார், மனு ரெடி பண்ணிடலாம்” என்றார். அவர் ஆள் சேர்த்து, போட்டோகிராபருக்கு நாள் பார்த்து, சால்வை வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஒரு துரோகம் செய்துவிட்டேன். மாநகராட்சியின் 1913-க்கு போன் போட்டேன். மறுநாள் சாயங்காலம் ஏணி வண்டி வந்தது, பல்பை மாற்றியது, போய்விட்டது.

ராத்திரி ஏழரைக்கு அண்ணன் பதினைந்து பேரோடு தெருவுக்குள் நுழைந்தார். “இருளில் தவிக்கும் மக்கள்” என்று தலைப்பே அடித்து வைத்திருந்தார். விளக்கோ பளபளவென்று எரிகிறது. அவர் முகத்தில்தான் கரண்ட் போய்விட்டது. “யார் சொல்லி பண்ணாங்க?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கம்பத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போய்க் கேட்டார்: “சார், ஒரு பத்து நிமிஷம் அணைச்சு வைக்க முடியுமா? போட்டோ எடுத்துட்டு போயிடறோம்.”

அணைக்க முடியவில்லை. அதற்கும் தனியாக ஒரு மனு வேண்டியிருந்திருக்கும். அண்ணன் அசரவில்லை. கொண்டுவந்த சால்வையைக் கம்பத்துக்குப் போர்த்திவிட்டார். மறுநாள் காலையில் எல்லார் செல்போனிலும் படம் வந்தது: “அண்ணனின் தொடர் முயற்சியால் ஒளி பெற்ற தெரு.” படத்தின் ஓரத்தில் கைலியோடு நிற்பது நான். ஒரு விரல் காகிதத்தில்.

அன்றிலிருந்து எது நடந்தாலும் தொடர் முயற்சிதான். 2025 மார்ச்சில் பூந்தமல்லிக்கும் முல்லைத் தோட்டத்துக்கும் இடையே மெட்ரோ சோதனை ஓட்டம் விட்டார்கள். டிரைவரே இல்லாமல் ஓடக்கூடிய ரயில் அது. ஆனால் எங்கள் பக்கச் சுவரொட்டியைப் பார்த்தவர்கள் அண்ணன்தான் ஓட்டினார் என்று நினைத்திருப்பார்கள். கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை 21.76 கிலோமீட்டருக்கு மெட்ரோ திட்ட அறிக்கை தயாரானதும் டீக்கடையில் சொன்னார்: “நான் சும்மா மெட்ரோ வேணும்னுதான் கேட்டேன் சார். புள்ளி ஏழு ஆறெல்லாம் அவங்களா போட்டுக்கிட்டது.”

சிரிக்கிறேன். ஆனால் 2015 டிசம்பரையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், மாடிப்படியில் குடும்பம், செல்போன் செத்து இரண்டு நாள். இடுப்பளவு சாக்கடைத் தண்ணீரில் தலைமேல் பால் பாக்கெட்டும் பிரெட்டும் அடுக்கிய பிளாஸ்டிக் கூடையோடு ஒருவர் வந்தார். வேட்டி இல்லை, அரை டிராயர். அண்ணன்தான் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். “பாப்பாவுக்குப் பால் இருக்கா மா?” என்று எதிர்வீட்டுப் பெண்ணைக் கேட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் படம் கிடையாது. அவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நான் ஒருமுறை நினைவுபடுத்தினேன். “அதை வுடுங்க சார்” என்று சொல்லிவிட்டு, ரேஷன் கடை மனுவின் படத்தைக் காட்டினார்.

2016 அக்டோபரில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல்தான் நடந்தது. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர்தான். கதவைத் தட்டிக் கேட்க எந்த வார்டிலும் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லை. அண்ணன் முன்னாளாகிவிட்டார் என்பதே அண்ணனுக்குத் தெரியாத மாதிரி அந்த வருஷங்களில் தினமும் காலை ஏழு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். முதியோர் பென்ஷன், இறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூட அட்மிஷன் என்று எதற்கு வந்தாலும் முதலில் டீ வரும், பிறகு லெட்டர் பேட் வரும். பாதி நேரம் அந்தக் காகிதத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. ஆனால் எந்த அலுவலகம், எத்தனாவது மாடி, யாரைப் பார்க்க வேண்டும் என்று பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக் கொடுப்பார். முன்பக்கத்தைவிட அந்தப் பின்பக்கம்தான் வேலை செய்தது.

அப்படியிருந்தும் அண்ணே, எனக்குக் கோபம் இருக்கிறது. தெருமுனைக் கழிவுநீர் மூடி உடைந்து எத்தனை மாதம் ஆகிறது? எந்த அலுவலகம் என்று இங்கே சொல்ல மாட்டேன், நாளைக்கு நானும் அங்கே போய் நிற்க வேண்டும். நீங்கள் ஏழு மனு கொடுத்துவிட்டீர்கள். ஏழு படமும் என்னிடம் இருக்கிறது. ஏழிலும் உங்கள் சட்டை வேறு, மூடி ஒன்றுதான். போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் ஒருவன் சைக்கிளோடு அதில் சரிந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டான். முதலில் ஓடிப்போய்த் தூக்கியது நீங்கள்தான், அதை மறுக்கவில்லை. தூக்கிவிட்டு நீங்கள் சொன்னது இது: “எட்டாவது மனுவுல இதையும் சேர்த்துடலாம் சார்.” கொடுத்த மனு என்ன ஆனது என்று அதே அலுவலகத்துக்கு இரண்டாம் தடவை, கேமரா இல்லாமல், தனியாகப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால் என்ன? கேட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணனுக்குப் பதில் வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்படிப் போனா அவங்களுக்கு நம்ம யாருன்னு எப்படித் தெரியும்?” என்றார்.

எட்டாவது மனு வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. தெருக்காரர்கள் எல்லாரும் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார், வெள்ளைச் சட்டை. வருகிறவர்கள் முனையைத் தாண்டும்போது இடதுபக்கமாக ஒதுங்கி வாருங்கள், வலதுபக்கத்தில் மூடி இல்லை.