பாட்டிலுக்குள் பழக்கடை

பழமே இல்லாமல் பழ வாசனையை விற்பதில் பிரெஞ்சுக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. டியோர் கம்பெனியின் ‘ஜடோர்’ சென்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் வந்தது, காலிஸ் பெக்கர் என்ற பெண்மணி உருவாக்கியது. என் மைத்துனர் வெளிநாட்டிலிருந்து வரும்போது தன் தங்கைக்கு, அதாவது என் மனைவிக்கு, ஒன்று வாங்கி வந்தார். பாட்டிலின் கழுத்தில் அடுக்கியிருந்த தங்க நிற வளையங்களைப் பார்த்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: “எத்தனை பவுன்?”

மனைவி அதை அடித்துக்கொண்டதுதான் தாமதம், “ஏம்மா, பேரிக்காய் வாங்கினியா?” என்று அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டாள். அரை மணி கழித்து, “பூக்காரி வந்துட்டுப் போனாளா? எனக்கு ஒரு முழம் எடுத்து வச்சியா?” சாயங்காலம், “யாரு புது சோப்பு போட்டுத் துணி துவைச்சது?”

அம்மாவின் மூக்கு ஒரு தடவைகூடத் தப்பவில்லை. சென்ட்டில் லேசான மூலக்கூறுகள் முதலில் பறந்துவிடும், கனமானவை தோலில் தங்கும். பேரிக்காய் வாசனை முதல் ரகம். கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிப்பவர் மாதிரி, வரும்போது அவ்வளவு உபசாரம். பந்தியில் தேடினால் ஆளைக் காணோம்.

பீச் பழ வாசனை கொஞ்சம் நின்று நிதானித்துப் போகும். ஆனால் பீச்சைப் பிழிந்து சென்ட்டுக்கு ஆகிற மாதிரி எண்ணெய் எடுக்க முடியாது. அந்த வேலையைக் காலங்காலமாகப் பார்த்துவரும் ரசாயனத்துக்கு வியாபாரப் பெயர் ‘ஆல்டிஹைடு சி-14’. அது ஆல்டிஹைடே இல்லை, லாக்டோன் என்ற வேறு ரகம். அதில் இருக்கும் கார்பன் அணுக்களும் 14 இல்லை, 11தான். பெயரிலும் பொய், வயதிலும் பொய் என்றால் நம் ஊரில் ஆதார் கார்டுகூடக் கிடைக்காது. அங்கே ழாக் கெர்லேன் 1919இல் தன்னுடைய ‘மித்சுகோ’ சென்ட்டில் அதைப் போட்டார், இன்றுவரை கொண்டாடுகிறார்கள்.

பூக்களிலும் எல்லாம் நிஜம் என்று நம்பிவிடாதீர்கள். லில்லி ஆஃப் தி வேலி என்ற பூ வாசனையை வாரி வழங்கும், எண்ணெயை மட்டும் தராது. அதன் மணம் முழுக்க ஆய்வுக்கூடத்தில் கட்டியது. மல்லிகை அப்படியில்லை. ஜடோரில் வரும் சம்பக் வகை சாட்சாத் நம் குண்டுமல்லிதான். மதுரை, திண்டுக்கல் பக்கம் முகூர்த்த நாளில் விலை எகிறும் பூ, விலை விழுந்த நாளில் சென்ட் ஃபேக்டரிக்குப் போகிறது. அங்கே ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் ஊறி மெழுகாகி, பிறகு ஆல்கஹாலில் கரைந்து சாறாகி, பிரான்ஸுக்குக் கப்பலேறுகிறது. உள்ளூரில் முழம் போட்டு விற்றதை அங்கே மில்லி போட்டு விற்கிறார்கள்.

மல்லிகையில் இண்டோல் என்று ஒரு சமாசாரம் உண்டு. மலத்தில் இருப்பதும் அதே இண்டோல்தான். அதை எடுத்துவிட்டால் மல்லிகைக்கு உயிரே இருக்காது. ஜடோரில் அதை மிகவும் அடக்கி வைத்திருக்கிறார்கள். பகலில் ஆபீசுக்குப் போட்டுப் போகலாம், யாரும் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார்கள். என் ருசிக்கு இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாம். இந்த இண்டோல் விஷயத்தை அம்மாவிடம் நான் மூச்சுவிடவில்லை. பூக்காரியின் பிழைப்பில் மண்ணைப் போடுவானேன்?

கடைசியில் நிற்பது கஸ்தூரி. மானைக் கொன்று எடுத்த காலம் மலையேறி, இப்போதெல்லாம் பெரும்பாலும் செயற்கைதான். அந்தக் குடும்பத்து ரசாயனங்களைச் சலவைத்தூளிலும் தாராளமாகப் போடுகிறார்கள்; அம்மா சோப்பைத் தேடியது அதனால்தான். இதில் ஒரு வில்லங்கம். சில கஸ்தூரிகளைச் சிலருடைய மூக்கு அறியவே அறியாது. அவர்கள் வாசனை போய்விட்டதாக நினைத்து இன்னும் நாலு முறை அடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்தவர் பாடு பெரும்பாடு.

ஆகவே, வாங்கப் போகும் மகாஜனங்களுக்கு ஒரு விண்ணப்பம். கடையில் நீட்டும் அட்டைத் துண்டை முகர்ந்ததும் பர்ஸைத் திறக்காதீர்கள். அது பேரிக்காயைத்தான் காட்டும். மணிக்கட்டில் கொஞ்சம் அடித்துக்கொண்டு, தேய்க்காமல், ஒரு சினிமா பார்த்துவிட்டு வாருங்கள். அப்போது கையில் இருப்பதுதான் நாள் முழுக்க உங்களோடு குடித்தனம் நடத்தப்போவது. அது பிடித்திருந்தால் மட்டும் வாங்குங்கள்.