மலைக்கு பிளான் போட வந்த தம்பிக்கு

வாங்க தம்பி, உக்காருங்க. திண்ணை ஈரமா இருக்கும், அந்தக் காப்பிச் சாக்கை விரிச்சுக்கோங்க. ஏற்காட்டுக்கு இருவது வருசத்து மாஸ்டர் பிளான் எப்படி இருக்கணும்னு கருத்துக் கேக்க வந்திருக்கீங்கன்னு பேரன் சொன்னான். ரொம்ப சந்தோசம். எங்ககிட்ட வழக்கமா ஜேசிபி வந்து நின்னப்புறம்தான் கருத்துக் கேப்பாங்க.

உங்க படத்தைப் பாத்தேன். ஒண்டிக்கடை ரவுண்டானாவைப் பெருசாக்கறீங்க. ஏரிக்கரையில அடுக்குமாடி பார்க்கிங் கட்டறீங்க. லேடீஸ் சீட் போற ரோட்டை அகலம் பண்றீங்க. எனக்கு ஒரு குறையும் தெரியல, மலையைத்தான் காணோம். காயிதத்துல எல்லாம் சமதரையா கெடக்கு. எங்க ஊர்ல சமமா இருக்கிறது ஏரித் தண்ணி ஒண்ணுதான். அதையும் மூடிட்டீங்கன்னா உங்களுக்கு வேலை சுலபம், யோசிச்சுப் பாருங்க.

பிளான் போட்ட மொத ஆளு நீங்க இல்ல. 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரைதான் இந்தச் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டாந்தாரு. அவரு யாரையும் கருத்துக் கேக்கல. ஆனா நெழல் இல்லாம நான் காய்க்க மாட்டேன்னு காப்பிச் செடியே தொரைமாருங்களுக்குச் சொல்லிடுச்சு. அதனால மரம் தப்பிச்சுது. சில்வர் ஓக்கு நட்டாங்க, அதுல மிளகுக் கொடி ஏறுச்சு. அப்புறம் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு பாக்சைட் தோண்ட வந்தாங்க. பாக்சைட்டுக்கு நெழல் வேண்டியதில்ல. இப்ப ரிசார்ட்டுக்காரங்க வந்திருக்காங்க. அவங்களுக்கு வியூ வேணும். வியூவுக்கு மரம் இடைஞ்சல்.

இதுல ஒரு வேடிக்கை கேளுங்க. 1961ல நில உச்சவரம்புச் சட்டம் போட்டாங்க இல்லீங்களா, அதுல காப்பித் தோட்டத்துக்கு வெலக்கு குடுத்தாங்க. எத்தனை ஏக்கரானாலும் வச்சுக்கலாம், அது தோட்டமா இருக்கிற வரைக்கும். இப்ப அந்தக் காப்பியைப் புடுங்கிட்டு காட்டேஜ் நடறாங்க. காட்டேஜ் எந்த வகைச் செடி, அரபிகாவா ரொபஸ்டாவான்னு உங்க ஆபீசுல யாராச்சும் கண்டுபிடிச்சுச் சொன்னா எனக்கும் ஒரு கடுதாசி போடுங்க.

சட்டத்துக்கு நம்ம நாட்டுல பஞ்சமே கெடையாது. 1920லயே சென்னை மாகாணத்துல நகரமைப்புச் சட்டம் வந்தாச்சு. 1971ல இன்னொண்ணு. 1990ல இருந்து மலைக் கிராமங்கள்ல கட்டடம் கட்டறதுக்கு ஹாக்காவை, அதான் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தைக் கேக்கணும்னு வச்சிருக்காங்க. கொடைக்கானலுக்கு 1993லயே மாஸ்டர் பிளான் போட்டாச்சு. பிளான் பெட்டிக்குள்ள பத்திரமா இருந்துச்சு, கட்டடம் வெளிய வளந்துச்சு. அங்க ரெண்டு மாடிக்கு அனுமதி வாங்கி ஏழு மாடி எழுப்பின ஹோட்டல் கதை சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனது உங்களுக்குப் பாடத்துல வந்திருக்கும். கடைசியில வருசக்கணக்கு கழிச்சு, கோர்ட்டு உத்தரவுன்னு அதிகாரிங்க வரிசையா லாட்ஜுக்கு சீல் வச்சாங்க. அதனால உங்க பிளான்ல சீல் வைக்க அரக்குச் செலவையும் இப்பவே சேத்துக்கோங்க தம்பி, பின்னால தேட வேண்டியதில்ல.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7ல இருந்து இ-பாஸ். ஐகோர்ட்டு சொல்லித்தான் வந்துச்சு. மலை எத்தனை வண்டி தாங்கும்னு ஆராயச் சொல்லி சென்னை ஐஐடியையும் பெங்களூரு ஐஐஎம்மையும் கேட்டாங்க. அடுத்த வருசம் கோர்ட்டு கணக்கையும் சொல்லிடுச்சு: நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000. கொடைக்கானலுக்கு 4,000, சனி ஞாயிறு 6,000. அந்த உத்தரவுல ஏற்காடு இல்ல. அங்க பாஸ் கெடைக்காதவன் லீவை வீணாக்குவானா? சேலத்துல இருந்து முப்பது கிலோமீட்டர், இருவது கொண்டை ஊசி, மேல வந்துட்டான். அவனுக்குத்தான் நீங்க பார்க்கிங் கட்டறீங்க. கல்யாணத்துக்கு எத்தனை இலைன்னு கேக்காமயே அடுப்பு மூட்டற சமையக்காரரு மாதிரி இருக்கீங்க, கோவிச்சுக்காதீங்க.

அடுப்பை விடுங்க, கழிவறைக்கு வாங்க. கருத்தரங்குல இதை யாரும் பேச மாட்டாங்க, நான் கெழவன், பேசலாம். ஏரி இருக்கிறது கிண்ணத்தோட அடியில. சுத்தி மேட்டுல இருக்கிற லாட்ஜுங்க. சனிக்கிழமை ராத்திரி ஒரே நேரத்துல எல்லா ரூம்லயும் சுடுதண்ணி தொறந்து விட்டுக் குளிக்கறாங்க. அந்தத் தண்ணிக்கும் அதுக்கப்புறம் போற தண்ணிக்கும் உங்க படத்துல ஒரு கோடு கூட இல்ல. தண்ணிக்கு வரைபடம் படிக்கத் தெரியாது, பள்ளம் தெரியும். ஏரி நெறஞ்சு வழியறது கிளியூர் அருவியில விழுது. அங்க போய் செல்பி எடுக்கறவங்ககிட்ட இதைச் சொல்லி மனசைக் கெடுக்க வேண்டாம்.

2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயல் வந்துச்சே, கடலுக்கு இவ்ளோ தூரத்துல இருக்கிற எங்களுக்கு என்னன்னு நெனச்சோம். ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் ஊத்துச்சு. இங்க மலைப்பாதையில மண்ணும் பாறையும் சரிஞ்சு போக்குவரத்தையே நிறுத்திட்டாங்க. ரோட்டுக்காக எங்க சரிவை வெட்டினாங்க, எந்த ஓடையை அடைச்சாங்கன்னு மழை ஒரே ராத்திரியில சர்வே எடுத்துக் குடுத்துட்டுப் போச்சு. கூலி கேக்கல. அந்தச் சர்வேயை வாங்கிப் பாத்தீங்களா? பாத்துட்டும் அதே ரோட்டை அகலம் பண்றதா இருந்தா உங்க தைரியத்துக்கு மாலை போடணும்.

இன்னொண்ணு. டவுனுன்னா உங்களுக்கு ஒண்டிக்கடையும் ஏரியும். எங்களுக்கு அது கெவருமெண்ட் ஆஸ்பத்திரி, ரேசன், தாலுக்கா ஆபீஸ், பஸ்ஸுக்குக் காத்து நிக்கிற எடம். மலையில 67 கிராமம் இருக்குன்னு சொல்லுவாங்க. அதுல இருந்து நெறமாசக்காரி ஒருத்தி எப்படி எறங்கி வர்றான்னு படத்துல இல்ல, அண்ணா பூங்காவுக்கு மூணு வழி இருக்கு. கடைத்தெருவை அழகுபடுத்தறப்ப மொதல்ல தூக்கறது ரோட்டோரம் பலாவும் கொய்யாவும் விக்கிற கெழவிங்களைத்தான். அப்புறம் அதே எடத்துல ஒரு கெழவி பலாப்பழம் விக்கிற மாதிரி சிமெண்டு சிலை வைப்பீங்க. எங்க சொந்தக்காரியையே மாடலா அனுப்பறேன், செலவு மிச்சம்.

சரி, காப்பி ஆறுது, குடிங்க. திட்டம் போட வேண்டாம்னு நான் சொல்லல தம்பி. போடாம விட்டா தரகன் போட்டுடுவான், அவன்கிட்ட உங்க அளவுக்குப் படிப்பும் கெடையாது, வெக்கமும் கெடையாது. நான் கேக்கறது இவ்ளோதான். கோடை விழாவுல வந்து அளக்காதீங்க. ஐப்பசி கார்த்திகை மழையில ஒருக்கா, ஊத்து வத்தற பங்குனியில ஒருக்கா வாங்க, எந்த ஊத்து எங்கன்னு நானே கூட்டிட்டுப் போறேன். வண்டி எத்தனை, ரூம் எத்தனை, குடம் எத்தனைன்னு பிளானோட மொதப் பக்கத்துல எழுதுங்க. அந்த மூணு எண்ணு இல்லாம ரவுண்டானா படம் கொண்டாந்தா, நான் கையெழுத்துப் போட மாட்டேன்.