கை அசையாது, கமிட்டியும் அசையாது

ஐரிஷ் நடனத்தில் காலுக்குத்தான் வேலை. கைகள் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். அமெரிக்காவில் பெற்றோரே கூடி நடத்தும் லாபநோக்கற்ற நடனப் பள்ளிகளின் கமிட்டியும் இதைக் கற்றுத் தேர்ந்துவிட்டது. மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் தின ஊர்வலத்துக்கு யார் வேன் ஓட்டுவது என்று கேட்டுப் பாருங்கள், ஒரு கைகூட எழாது.

ஆசிரியராக, டப்ளினில் உள்ள ஐரிஷ் நடன ஆணையம் போன்ற அமைப்பின் தேர்வில் தேற வேண்டும். தலைவராக, தேர்தல் கூட்டத்துக்கு வராமலிருந்தால் போதும்.

பொருளாளர் அம்மாவின் பாடுதான் பரிதாபம். 501(சி)(3) வரிவிலக்குப்படி, கேக் விற்றுச் சேர்த்த பணம் பள்ளிக்குப் பொது. விற்றவர் மகளின் கட்டணத்தில் அதைக் கழித்தால் வரித்துறை விலக்கையே பறிக்கலாம். "அப்போ நான் எதுக்கு விக்கணும்?" என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதிலில்லை.

சுருள்முடி விக், காலுறை நழுவாதிருக்கப் பசை, ஆயிரம் டாலரைத் தாண்டும் போட்டி உடை, இவற்றுக்கெல்லாம் பணம் எப்படியோ வந்துவிடும். மாதக் கட்டணத்தில் 5 டாலர் ஏற்றினால் மட்டும் அவசரப் பொதுக்குழு!

உங்கள் பிள்ளையையும் சேர்க்கப் போகிறீர்களா? தாராளமாக. கணக்கு வழக்கு தெரியும் என்று மட்டும் அங்கே வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள்.